யப்பானிய உயர்தரக் கைக்கடிகாரமும் வைபவ உடையும்

ஒரு பொருளின் விலை அதனாற் பெறப்படும் பயனுக்கு ஏற்ப உயரும் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கொள்கையாகும். விரைந்து செல்லும் வண்டி மெல்லச் செல்லும் வண்டியிலும் விலை கூடியது. நெடுநாள் உழைக்கும் துணி விரைவிற் கிழியும் துணியிலும் விலை கூடியது. கைக்கடிகாரமோ இக்கொள்கைக்கு அடங்காது நிற்கின்றது. சாதாரண கடையிற் குறைந்த விலைக்குக் கிடைக்கும் குவாட்ஸ் கடிகாரம் மாதம் முழுவதிலும் 20 செக்கன் அளவே பிழைத்து ஓடும். அதனிலும் நூறு மடங்கு விலையுடைய பொறிக்கடிகாரம் நாளொன்றுக்கு 5 செக்கன், அதாவது மாதத்துக்கு இரண்டரை நிமிடம் வரை விரைந்து ஓடினும் நற்கடிகாரம் என்றே கொள்ளப்படும். நேரத்தை அறிதற்கென்றே ஆக்கப்பட்ட கருவியொன்றினை, நேரம் குறைந்த விலைக்குக் கிடைக்கும் ஒரு காலத்திலே பெருவிலை கொடுத்து வாங்குவோர் உண்மையில் எதனை வாங்குகின்றனர்? அதனைச் சபையிலே அணிந்து செல்வோர் எதனைக் காட்ட விரும்புகின்றனர்?

இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு யப்பான் நாட்டின் வரலாறு பெரிதும் துணைபுரியும். பிழையற்ற நேரத்தை எளியோர்க்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்ததில் முன்னின்ற நாடு அது. அதன்பின் மிக உயர்ந்த விலையுடைய கடிகாரங்களைக் கையால் மினுக்கிச் செய்வதற்கு மீண்டதும் அந்நாடே. இவ்விரண்டையும் செய்தது பெரும்பாலும் ஒரே நிறுவனம் என்பது மேலும் கருதத்தக்கது.

மேனாட்டு முறைப்படி நேரத்தைக் கணிப்பது யப்பானியர்க்குப் பழமையான வழக்கமன்று. முற்காலத்தில் அவர்கள் பகலை ஆறு கூறாகவும் இரவை ஆறு கூறாகவும் பிரித்தனர். கோடையிற் பகல் நீள, பகற்கூறும் நீண்டது; மாரியிற் பகல் குறுக, அதுவும் குறுகியது. பருவந்தோறும் மாறும் இக்கூறுகளைக் காட்டுதற்கு ஏற்றவாறு மணிக்கூடுகளைத் திருத்தியமைக்கும் அரிய திறமை அந்நாட்டுக் கம்மியரிடம் இருந்தது. மெய்ஜி அரசு 1872 ஆம் ஆண்டிலே இம்முறையைக் கைவிட ஆணையிட்டது. அக்கால யப்பானிய நாட்காட்டியின்படி 11 ஆம் மாதம் 9 ஆம் நாள் அவ்வாணை பிறந்தது. 1873 சனவரி 1 ஆம் நாள் முதல் மேனாட்டு நாட்காட்டியும் ஒத்த அளவுடைய 24 மணித்தியாலங்களும் நடைமுறைக்கு வந்தன. அதே மாதம் 12 ஆம் நாள், அஃதாவது மூன்று நாள் கழித்து, மேனாட்டு உடையே அரச வைபவங்களுக்குரிய உடை என இன்னோர் ஆணை விதித்தது. இவ்வாறு ஒத்த மணித்தியாலமும் வைபவக் கோட்டும் ஒரே கிழமைக்குள் அந்நாட்டின் சட்டத்திலே புகுந்தன. கடிகாரத்தையும் வைபவ உடையையும் ஒருங்கு வைத்து ஆராய்வது யப்பானைப் பொறுத்தவரையிற் செயற்கையானதன்று என்பது இதனால் விளங்கும்.

இப்புதிய காலத்தின் தேவையை உணர்ந்தவர்களுள் ஒருவர் 1860 ஆம் ஆண்டிலே தோக்கியோவிற் பிறந்த ஹத்தோரி கின்தாரோ என்பவர். அவர் 1881 இல் மணிக்கூடுகளை விற்பதும் திருத்துவதுமான ஒரு கடையைத் தொடங்கினார். 1892 இல் செய்க்கோஷா என்னும் தொழிற்சாலையை நிறுவிச் சுவர்மணிக்கூடுகளைச் செய்வித்தார். 1895 இல் சட்டைப்பைக் கடிகாரமும், 1913 இல் யப்பானின் முதற் கைக்கடிகாரமாகிய லோரலும் அங்கிருந்து வெளிவந்தன. 1923 செப்தெம்பர் 1 ஆம் நாள் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கமும் அதனைத் தொடர்ந்த தீயும் அத்தொழிற்சாலையை அழித்தன. திருத்துவதற்கென மக்கள் ஒப்படைத்திருந்த ஏறத்தாழ 1,500 கடிகாரங்களும் அவற்றுடன் எரிந்தன. இயற்கையின் சீற்றத்துக்கு யார் பொறுப்பென்று ஹத்தோரி ஒதுங்கினாரல்லர். கடிகாரத்தை இழந்தோர் தம்மிடம் வருமாறு அறிவித்து, ஒவ்வொருவர்க்கும் இழந்ததற்கு நிகரான கடிகாரத்தைக் கொடுத்தார். அடுத்த ஆண்டிலே, முகப்பிற் செய்க்கோ என்னும் பெயர் பொறித்த முதற் கடிகாரம் வெளிவந்தது. கடிகாரம் என்பது பிறர் நம்பி ஒப்படைத்த பொருள் என்னும் எண்ணம் அப்பெயரோடு பிறந்ததெனலாம்.

சுவிற்சலாந்துக் கடிகாரங்களுக்கு நிகரான ஒன்றைச் செய்தல் வேண்டும் என்னும் வேட்கை இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் வலுப்பெற்றது. செய்க்கோவுக்குக் கடிகாரஞ் செய்த சுவா, தாய்னி என்னும் இரு நிறுவனங்களும் உடன்பிறந்தார் போட்டியிடுவது போல ஒன்றோடொன்று போட்டியிட்டன. சுவா 1960 இல் கிராண்ட் செய்க்கோ என்பதை வெளியிட, தாய்னி 1961 இல் கிங் செய்க்கோ என்பதை வெளியிட்டது. முதலாவது கிராண்ட் செய்க்கோவின் விலை 25,000 யென். பல்கலைக்கழகப் படிப்பை முடித்து உத்தியோகத்திற் சேர்ந்த ஓர் இளைஞன் அக்காலத்திற் பெற்ற மாதச் சம்பளத்தின் ஏறத்தாழ இருமடங்கு அது. எனினும் அதன் தோற்றத்தில் ஆரவாரம் இல்லை. விட்டம் 34.9 மில்லிமீற்றர், முகப்பில் மூன்று முட்கள், நாளைக் காட்டும் துளைதானும் இல்லை. இத்தகைய முயற்சிகளின் பயன் 1968 இல் வெளிப்பட்டது. ஜெனீவா வானாய்வு நிலையம் அவ்வாண்டு நடத்திய போட்டியில் முதல் மூன்று இடங்களையும் சுவிற்சலாந்தின் குவாட்ஸ் மாதிரிகள் பெற்றன; 4 ஆம் இடம் முதல் 10 ஆம் இடம் வரை செய்க்கோவின் பொறிக்கடிகாரங்களே பெற்றன. சுருள்வில்லால் இயங்கிய கடிகாரங்களுள் அவையே முதன்மை பெற்றன.

அப்போட்டியில் முதன்மை பெற்ற குவாட்ஸ் முறையே பொறிக்கடிகாரத்தின் பெருமையை விரைவில் அசைத்தது. மின்னூட்டப்பட்ட படிகத் துண்டொன்று மாறா வேகத்தில் அதிரும் இயல்பை அடிப்படையாகக் கொண்டது அம்முறை. 1969 திசெம்பர் 25 ஆம் நாள் செய்க்கோ வெளியிட்ட அஸ்ட்ரோன், விற்பனைக்கு வந்த முதலாவது குவாட்ஸ் கைக்கடிகாரமாகும். அதன் படிகம் செக்கனுக்கு 8,192 முறை அதிர்ந்தது. அது மாதத்துக்கு 5 செக்கனுக்கு மேற் பிழைத்ததில்லை. பொன்னாலான கூட்டுடன் 450,000 யென்னுக்கு, அஃதாவது ஒரு சிறு மோட்டார் வண்டியின் விலைக்கு, அது விற்கப்பட்டது. ஆயின் அவ்விலை நெடுநாள் நிலைக்கவில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளுள் குவாட்ஸ் கடிகாரம் மாணவர் கையிலும் தொழிலாளர் கையிலும் ஏறியது. சுவிற்சலாந்தின் கடிகாரத் தொழிலில் 1970 அளவில் ஏறத்தாழ 90,000 பேர் வேலை செய்தனர்; 1980களின் நடுப்பகுதியில் அத்தொகை 30,000 அளவாகக் குறைந்தது. யப்பானிலும் இதன் தாக்கம் இல்லாமற் போகவில்லை. 1970களின் நடுப்பகுதியிற் கிராண்ட் செய்க்கோப் பொறிக்கடிகாரங்கள் செய்வது நின்றது. தான் பெற்ற வெற்றியாலேயே தன் மிகச் சிறந்த கைவேலைக்கு இடமில்லாமற் செய்த நிறுவனம் என அதனைக் கூறலாம்.

எனினும் அக்கைவேலை முற்றாக மறையவில்லை. 1988 இற் கிராண்ட் செய்க்கோ என்னும் பெயர் ஒரு குவாட்ஸ் கடிகாரத்தின் முகப்பிலே மீண்டது. 1993 இல் வெளிவந்த 9எப் என்னும் இயந்திரத்துக்கெனப் படிகங்கள் மூன்று மாதம் பதப்படுத்தப்பட்டு, அவற்றுள் நல்லனவே தெரிந்தெடுக்கப்பட்டன. ஆண்டுக்கு 10 செக்கன் என்பதே அதன் பிழையெல்லை. 1998 இற் பொறிக்கடிகாரமும் புதிதாக ஆக்கப்பட்டது. இத்தகைய கடிகாரம் ஒவ்வொன்றின் இயந்திரமும் ஆறு நிலைகளிலும் மூன்று வெப்பநிலைகளிலும் 17 நாட்கள் சோதிக்கப்படும். 1999 இல் வெளிவந்த ஸ்பிரிங் டிரைவ் என்பது இவ்விரு முறைகளையும் இணைத்தது. சுருள்வில்லே பற்சில்லுகளைச் சுழற்றும். இறுதிச் சில்லு செக்கனுக்கு எட்டு முறை சுழலும்போது சிறிதளவு மின்சாரம் பிறக்கும். அம்மின்சாரத்தால் அதிரும் படிகம் சில்லின் வேகத்தை அளக்க, காந்தவிசை அதனைத் தடுத்து ஒழுங்குபடுத்தும். பற்றறி வேண்டுவதில்லை. செக்கன் முள்ளும் துடித்துத் துடித்துச் செல்லாது நீரோட்டம் போல வழுக்கிச் செல்லும். அகஹானே யோசிக்காசு என்னும் பொறியியலாளர் 1977 இல் எண்ணிய எண்ணம் நிறைவேறுதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

யப்பானின் மற்றொரு பெரும் நிறுவனமாகிய சிற்றிசன் வேறொரு வழியிற் சென்றது. அதன் பெயர் 1924 இல் வெளிவந்த ஒரு சட்டைப்பைக் கடிகாரத்துக்கு இடப்பட்டது. தோக்கியோவின் நகரபிதாவாக இருந்த கோத்தோ ஷிம்பே, குடிமக்கள் யாவரும் விரும்பும் பொருளாதல் வேண்டுமென்று அப்பெயரைச் சூட்டினார். அந்நிறுவனம் 2019 இல் வெளியிட்ட 0100 என்னும் இயந்திரத்தின் படிகம் செக்கனுக்கு ஏறத்தாழ 84 இலட்சம் முறை அதிர்வது. அதன் பிழை ஆண்டுக்கு 1 செக்கன் மாத்திரமே. ஒளியிலிருந்தே அது தன் ஆற்றலைப் பெறுகின்றது. இவ்வாறு ஒரே நாட்டிலே, ஒரு சாரார் நாளொன்றுக்குச் சில செக்கன் பிழைக்கும் பொறியையும், மற்றொரு சாரார் ஆண்டுக்கு ஒரு செக்கன் பிழைக்கும் படிகத்தையும் உயர்பொருளாகப் போற்றுகின்றனர். ஆதலின் உயர்வுக்கு அளவுகோல் பிழையின்மை ஒன்றே என்று கூறல் பொருந்தாது.

அவ்வாறாயின் விலையின் காரணம் யாது? அது பெரும்பாலும் கண்ணுக்கு எளிதிற் புலப்படாத கைவேலையிலே தங்கியுள்ளது. தானாக்கா தாரோ என்னும் வடிவமைப்பாளர் தோக்கியோவின் கின்சாப் பகுதியிலுள்ள வாக்கோ என்னும் கடையில், யப்பானியக் கடிகாரங்கள் சுவிற்சலாந்துக் கடிகாரங்களைப் போல ஒளிவிடாதிருப்பதைக் கண்டார் என்பர். அக்குறையை நீக்குதற்கு அவர் வகுத்த இலக்கணம் 1967 இல் வெளிவந்த 44ஜீஎஸ் என்னும் கடிகாரத்திலே நிறைவாக வெளிப்பட்டது. தட்டையான பரப்புகளும், வளைவோ நெளிவோ இன்றிக் கண்ணாடிபோற் பிம்பத்தைக் காட்டும் மினுக்கமும், கூர்மை குன்றாத விளிம்புகளும் அதன் கூறுகளாம். கூட்டைச் சுழலும் தட்டின்மேற் கையாற் பிடித்து இவ்வாறு மினுக்கும் முறையை ஸரட்ஸு என்பர். பழைய மினுக்குபொறி ஒன்றிற் காணப்பட்ட ஸல்லாஸ் என்னும் பெயர் யப்பானியர் நாவிலே அவ்வாறு திரிந்தது. கையழுத்தம் சிறிது கூடினாலும் விளிம்பு மழுங்கிவிடும். ஆதலின் இவ்வேலையைப் பழகுதற்கு ஆண்டுகள் பல வேண்டும்.

முகப்பைப் பற்றியும் இவ்வாறே கூறலாம். நகானோ மாகாணத்து மலைகளிற் படியும் பனியை நினைவூட்டும் வெண்முகப்புடைய கிராண்ட் செய்க்கோ ஒன்று உலகெங்கும் பெயர்பெற்றது. தூரத்திலிருந்து நோக்குவோர்க்கு அது வெறும் வெள்ளை. அண்மையில் நோக்குவோர்க்கே அதன் நுண்ணிய மேடுபள்ளங்கள் தோன்றும். சிற்றிசன் நிறுவனம் தோசாப் பகுதியின் கைவேலைக் கடதாசியை முகப்பாக அமைத்துள்ளது. 1974 இல் தொடங்கிய கிரெடோர் என்னும் செய்க்கோவின் உயர்வகையைச் சேர்ந்தது, 2014 இல் வெளிவந்த இரண்டாம் எய்ச்சி. ஷியோஜிரி என்னும் ஊரிலுள்ள சிறு பணிமனை ஒன்றிலே ஆக்கப்படும் அதன் பீங்கான் முகப்பிற் பெயரும் மணிக்குறிகளும் தூரிகை கொண்டு கையால் எழுதப்படுகின்றன. எய்ச்சி என்பதன் பொருள் ஞானம் என்பதாம். 39 மில்லிமீற்றர் விட்டமுடைய பிளாற்றினக் கூடு. அறியாதார் அதனை வெள்ளி என்றே எண்ணி அப்பாற் செல்வர். விலையைத் தானே பறைசாற்றாத இவ்வியல்பே யப்பானிய உயர்தரக் கடிகாரத்தின் தனிப்பண்பு எனலாம்.

வைபவ உடைக்கு எத்தகைய கடிகாரம் பொருந்தும் என்னும் வினாவும் இப்பண்பை வைத்தே தெளிவாகும். மேனாட்டு வைபவ உடையின் மிக உயர்ந்த வகையாகிய வெண் கழுத்துப்பட்டி அணியும் இரவுக்கோட்டுடன் கைக்கடிகாரம் அணிவது பழைய மரபன்று. விருந்தினிடையே மணியைப் பார்ப்பவன், எப்பொழுது எழுந்து செல்லலாம் என்று எண்ணுகின்றான் எனக் கருதப்பட்டமையே அதற்குக் காரணம். வேண்டுவோர் சட்டைப்பைக் கடிகாரத்தை வைத்திருந்தனர். கருங் கழுத்துப்பட்டி அணியும் விருந்துடைக்குக் கைக்கடிகாரம் இக்காலத்தில் ஏற்கப்படுகின்றது. அது மெல்லியதாகவும், கரிய தோற்பட்டியுடையதாகவும், இரண்டு அல்லது மூன்று முட்களே உடையதாகவும் இருத்தல் சிறப்பு. சட்டைக்கையின் விளிம்பு அதன்மேல் எளிதில் வழுக்கி மூடல் வேண்டும். கடிகாரத்தின்மேற் சட்டைக்கை தடக்குண்டு நிற்பின் அது பொருத்தமன்று. தாய்னி நிறுவனம் 1969 இற் செய்த 68 ஆம் வரிசை இயந்திரத்தின் தடிப்பு 1.98 மில்லிமீற்றர் மாத்திரமே. இத்தகைய உடைக்கென்றே பிறந்தது போன்றது அது. மேலே கூறப்பட்ட பனிமுகப்புக் கடிகாரமோ 12.5 மில்லிமீற்றர் தடிப்புடையது. உலோகப் பட்டியில் வருவது. அலுவலகத்துக்கும் பகற்கூட்டங்களுக்கும் அது அழகு செய்யும். விருந்துடைக்கு மெல்லிய கடிகாரமே மேலானது. விலை கூடியதெல்லாம் எவ்விடத்தும் தகும் என்னும் எண்ணம் இங்கே பிழைபடுகின்றது.

யப்பானியர் வழக்கம் இவ்விதியை மேலும் நுட்பமாக்கியுள்ளது. மரணச் சடங்குக்குச் செல்வோர் பொன்னிறக் கடிகாரத்தையும் பளபளக்கும் கற்கள் பதித்ததனையும் தவிர்ப்பர். உயிர்க்கொலையை நினைவூட்டும் என்று முதலைத்தோற் பட்டியையும் நீக்குவர். வெள்ளியுலோகக் கூடு, வெண்மையான அல்லது கரிய முகப்பு, அலங்காரமற்ற கரிய பட்டி என்பனவே அங்கு ஏற்றவை. மரபான கிமோனோவை முறைப்படி அணியும் மங்கல வைபவங்களிலே கைக்கடிகாரத்தை அணியாதிருத்தல் நாகரிகமாகக் கொள்ளப்படும். தேநீர்ச் சடங்குக்குச் செல்வோரோ அறையினுட் புகுமுன்னரே கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிவிடுவர். அருமையான கிண்ணத்திலே கீறல் படலாகாது என்பது ஒரு காரணம். அவ்வறையிலே நேரத்தை மறந்திருத்தல் வேண்டும் என்பது மற்றொரு காரணம். பெருவிலைக் கடிகாரத்தை உடையவனும் ஐம்பது ரூபாய்க் கடிகாரத்தை உடையவனும் அவ்வாயிலிலே ஒருதன்மையர் ஆகின்றனர்.

அணிதல் பற்றிய விதிகள் இவையாக, உடைமை பற்றிய கடமைகளும் உள. பொறிக்கடிகாரம் வாங்கிய நாளோடு கடன் தீர்ந்துவிடாது. மூன்று நான்கு ஆண்டுகளுக்கொருமுறை அதனைக் கழற்றித் துடைத்து எண்ணெயிடுவித்தல் வேண்டும். அதற்காகும் செலவும் சிறிதன்று. காந்தவிசை அதன் ஓட்டத்தைக் கெடுக்கும். ஆதலின் ஒலிபெருக்கி, கைத்தொலைபேசி முதலியவற்றின் அருகே வைத்தல் தகாது. தோற்பட்டி வியர்வையிற் கெடும். இச்செலவைத் தாங்க இயலாதவன் கடன்பட்டு வாங்குவானாயின், அவனுக்குக் கடிகாரம் காட்டுவது நேரத்தையன்று, தவணை நாளையே. குடும்பத்தின் தேவையும் பிள்ளைகளின் கல்வியும் குறைவின்றி நிறைந்தபின் எஞ்சுவதைக்கொண்டு வாங்குபவனே அதனை மனநிறைவோடு அணியக்கூடியவன்.

பொருளுள்ளோர் இத்தகைய கடிகாரத்தை வாங்குவது வீண் ஆடம்பரமன்றோ எனச் சிலர் வினவுவர். அவ்வினாவில் உண்மை இல்லாமலில்லை. பிறர் காணும்பொருட்டே அணிவானாயின் அது வீண் ஆடம்பரமே. சட்டைக்கையை அடிக்கடி மேலே இழுப்பவனுக்கு எந்நாட்டுக் கடிகாரமும் பெருமை தராது. ஆயின் ஒரு கைவேலை அழியாது நிலைப்பதற்கு அதனை மதித்து வாங்குவோரும் வேண்டும். குவாட்ஸ் கடிகாரம் பரவிய காலத்திலே பொறிக்கடிகாரம் செய்யும் கைகள் யப்பானில் ஏறத்தாழ ஓய்ந்தன. அவை மீண்டும் தொழிற்படுவதற்குக் காரணம், தேவைக்கு மேற்பட்ட ஒரு செம்மையை விரும்பி விலைகொடுக்க முன்வந்தோரேயாவர். இவாத்தே மாகாணத்துச் சிசுக்குயிஷியிலே பொறிக்கடிகாரத்துக்கென 2020 இல் புதிய பணிமனை திறக்கப்பட்டமை இதற்குச் சான்று. செம்மையாய்ச் செய்யப்பட்டு முறையாகப் பேணப்பட்ட கடிகாரம் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும். 1960களின் கிராண்ட் செய்க்கோக்கள் பல இன்றும் ஓடுகின்றன. அத்தகைய பொருளை வைத்திருப்பவன் அதனை அடுத்தவர் கையிற் பழுதின்றி ஒப்படைக்கும் பொறுப்பும் உடையவன். நிலநடுக்கத்தில் எரிந்த கடிகாரங்களுக்கு ஈடு செய்த ஹத்தோரி, விற்போன் பக்கத்திலிருந்து அப்பொறுப்பை நிறைவேற்றினார்.

இறுதியாக எண்ணத்தக்கது ஒன்றுண்டு. ஆண்டுக்கு ஒரு செக்கன் பிழைக்கும் கடிகாரத்தைக் கட்டியவனும் கூட்டத்துக்கு அரை மணி பிந்தி வரலாம். கடிகாரமே இல்லாதவனும் குறித்த நேரத்துக்கு முன்னே வந்து காத்திருக்கலாம். நேரந் தவறாமை மனத்தின் பழக்கம்; அதனை எக்கடையிலும் விலைக்கு வாங்குதல் இயலாது. அப்பழக்கம் முன்னரே அமைந்தவனது கையில் நல்ல கைவேலையொன்று சட்டைக்கையின் கீழ் மறைந்திருப்பின், அது தகுந்த இடத்திலே தங்கியிருக்கின்றது. சபையிலுள்ளோர் அதனைக் கவனியாது போனாலும் அவனுக்கோ அதனைச் செய்த கம்மியனுக்கோ இழப்பு ஒன்றுமில்லை.